செக்ரோலில் பேர் இல்லாதவர்கள்

(முதியோர் தினத்தையொட்டி நடைபெற்ற தோட்டத் தலைவர்கள், மாதர் தலைவிகள் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



சம்பளப் பேச்சுவார்த்தை என்னவாயிற்று என்று கேட்கத்தான் பலரும் வந்திருப்பீர்கள். அதைப் பிற்பகலில் பேசுவோம். காலைக் கூட்டத்தை வேலையிலிருந்து நின்றவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். ஒக்டோபர் முதலாம் திகதி நம்முடைய நாட்டில் சிறுவர் தினமும் அதுதான், முதியோர் தினமும் அதுதான். பிள்ளைகளுக்கு டொபி, பெரியவர்களுக்கு ஒரு பொன்னாடை, எல்லாரும் வரிசையில் நின்று ஒரு படம். அடுத்த நாள் பொன்னாடை தகரப் பெட்டிக்குள் போய்விடும். நாங்கள் பொன்னாடை கொண்டுவரவில்லை. தனியாக இருக்கும் வயதானவர் காம்பராவுக்குள் இறந்துகிடந்து, அது யாருக்கும் தெரியாமல் நாட்கள் கழிவதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். தோட்டத்தில் அப்படி நடக்குமா என்று கேட்பீர்கள். நடந்திருக்கிறது.

முதலில் பிரட்டுக்களத்தை நினைத்துப் பாருங்கள். காலையில் பேர் கூப்பிடுகிறார்கள். வந்தவருக்குப் பேர் விழுகிறது. வராதவர் ஏன் வரவில்லை என்று கங்காணி கேட்கிறார். காய்ச்சலா, கலியாண வீடா, ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாரா என்று பக்கத்து வீட்டுக்காரர் பதில் சொல்கிறார். இந்தக் கணக்கு நம்மேல் உள்ள அன்பினால் வந்ததல்ல. ஒரு நாள் வேலை கூட வீணாகக் கூடாது என்பதற்காக வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலேயே ஏற்படுத்திய கணக்கு அது. ஆனால் அதனால் ஒரு நன்மையும் கூடவே இருந்தது. ஒரு ஆள் காலையில் காணாமல் போனால், காலை ஏழு மணிக்குள் அது நாலு பேருக்குத் தெரிந்துவிடும்.

அறுபது வயதாகிறது. செக்ரோலில் பேர் வெட்டப்படுகிறது. மறுநாள் காலையிலிருந்து அந்தப் பேரை யாரும் கூப்பிடுவதில்லை. சங்கச் சந்தா சம்பளத்தில் வெட்டப்படுவது, ஆகவே வேலை நின்றால் சந்தாவும் நின்றுவிடும். நாற்பது வருடம் தினமும் எண்ணப்பட்ட ஒரு மனுசி ஒரே நாளில் எந்தக் கொப்பியிலும் இல்லாமல் போகிறார். கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகும் வரைக்கும் தராசடியிலாவது ஆள் தெரியும். கால் ஓய்ந்து அதுவும் நின்ற பிறகு?

இப்போது அந்தச் சாவைச் சொல்கிறோம். தோட்டத்தின் பேரையும் அந்த அம்மாவின் பேரையும் சொல்லமாட்டோம். அங்கே இருப்பவர்களும் நம்மைப் போன்றவர்கள்தான், அவர்களைக் கூட்டத்தில் நிறுத்துவது நமது நோக்கமல்ல.

எழுபத்து நான்கு வயது. புருஷன் இறந்து வெகுகாலம். மகன் கொழும்பில் ஒரு இரும்புக் கடையில் வேலை, கடைக்கு மேலேயே படுக்கை. மகள் மத்திய கிழக்கில் வீட்டு வேலை. அம்மா பணிய லயத்தில் கடைசிக் காம்பராவில் இருந்தார். ஒரு பக்கம் லயம் முடிந்து மண்மேடு. மறுபக்கத்துக் காம்பரா இரண்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது, அந்தக் குடும்பம் வத்தளைப் பக்கம் போய்விட்டது. அதற்கு அடுத்த வீட்டுக்காரர் புருஷன் பெண்சாதி இருவரும் காலையில் போனால் பொழுதுசாய்ந்துதான் வருவார்கள். தீபாவளிக்கு முன்னால் மகன் வந்து அம்மாவைக் கூட்டிப்போவது வழக்கம். கதவு சாத்தியிருந்ததைப் பார்த்து, இந்த முறை கொஞ்சம் முன்கூட்டியே போய்விட்டார் என்று நினைத்தார்கள். அப்படி நினைத்ததில் பிழையில்லை, யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

கண்டுபிடித்தவர் தோட்டத்து ஆளே இல்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு வரும் பாண் ஓட்டோக்காரர். ஒன்றுவிட்ட ஒருநாள் வருவார். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் அரை றாத்தல் பாண் வாங்குவார், காசைச் சேலைத் தலைப்பில் முடிந்து கையில் தயாராக வைத்திருப்பார். இரண்டு முறை அவர் வாசலுக்கு வரவில்லை. இரண்டாவது முறை ஓட்டோக்காரர் இறங்கிப்போய்ப் பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் கதவைத் தட்டினார்கள். உள்ளே கொண்டி போட்டிருந்தது. வாலிபர்கள் தகரத்தை விலக்கி இறங்கினார்கள்.

அடுப்படியில் கிடந்தார். கேத்தல் ஒரு பக்கம் சரிந்து கிடந்தது. விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்திருந்ததாகப் பின்னர் பிரேத பரிசோதனையில் தெரிந்தது. விழுந்த உடனே உயிர் போகவில்லை. அதற்கு டொக்டர் சொல்ல வேண்டியதில்லை, பார்த்தவர்களுக்கே புரிந்தது. விறகுக்குப் பக்கத்தில் இருந்த சாக்கைக் கையெட்டி இழுத்துக் காலுக்குமேல் போட்டிருந்தார்.

தகரப் பெட்டியில் ஒரு கைக்குட்டைக்குள் 18,000 ரூபாய் முடிந்து வைத்திருந்தார். தன் சாவுச் செலவுக்கு. இதைக் கேட்டு இங்கே உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள் சிலர் தலையாட்டுவது தெரிகிறது. உங்கள் பெட்டியிலும் அப்படி ஒரு முடிச்சு இருக்கும்.

ஜப்பானில் இப்படிச் சாவதற்குக் கொடோகுஷி என்று ஒரு தனிச்சொல்லே உண்டு. 2024ஆம் ஆண்டில் வீட்டில் தனியாக இறந்து கிடந்தவர்கள் என்று அந்த நாட்டுப் பொலிஸ் எண்ணியது 76 ஆயிரத்துக்கும் மேல். அடுக்குமாடி வீடு, கனமான சுவர், பக்கத்து வீட்டில் யார் என்றே தெரியாத வாழ்க்கை. அங்கே நடப்பதைப் புரிந்துகொள்ளலாம். நம்முடைய லயம் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பரா. பல லயங்களில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போவதில்லை. ஒருவர் இருமினால் நாலு வீட்டுக்குக் கேட்கும். எந்த வீட்டில் நெத்தலி பொரிக்கிறார்கள் என்று லயம் முழுக்கத் தெரியும். புருஷன் பெண்சாதி சண்டையைக்கூட மறைக்க முடியாத இடம். இதில் ஒரு உயிர் போவது எப்படிக் கேட்காமல் போகும்?

லயத்தின் அமைப்பு பழையபடிதான் இருக்கிறது. அதில் இருந்த ஆட்கள் இல்லை. 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது இருந்த பதிவுத் தொழிலாளர் தொகை இன்று பாதிக்கும் கீழே வந்துவிட்டது. உங்கள் தோட்டத்திலேயே ஒரு லயத்தில் எத்தனை காம்பரா பூட்டிக் கிடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். இருக்கும் வீட்டிலும் பகலில் ஆள் இல்லை. இளையவர்கள் கொழும்புக் கடைகளுக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். போக வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. இந்தச் சம்பளத்தில் இரு என்று எந்த வாயால் சொல்வது? மிச்சம் இருப்பவர்கள் வயதானவர்களும், பாட்டியிடம் விட்ட பேரப்பிள்ளைகளும்தான். பேரப்பிள்ளை வளர்ந்து அவனும் பஸ் ஏறினால் பாட்டி தனி.

நம்முடைய மக்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு, இதை வெளியார் அறியமாட்டார்கள். இப்போது எழுபது, எண்பது வயதில் இருப்பவர்களுக்குக் கூடப்பிறந்தவர்கள் ஏன் பக்கத்தில் இல்லை? 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று பங்கு போட்டார்கள். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் பாதி பாதியாகப் பிரித்தார்கள். ஒரே வீட்டில் அண்ணனுக்கு இந்திய பாஸ்போர்ட், தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்தது நம்முடைய பெரியவர்கள்தான். 1984இல் கப்பலும் நின்றது. கூடலூரிலும் நீலகிரியிலும் இருக்கும் அக்காவின் பிள்ளைகள் இன்று யாரென்றே தெரியாது. சாதாரணமாக ஒரு கிராமத்தில் வயதானவருக்குத் தங்கை, மச்சான், பெரியம்மா மகன் என்று பத்து வீடு இருக்கும். நம்மில் பலருக்கு அந்தப் பத்து வீடும் கடலுக்கு அந்தப் பக்கம். இங்கே சொந்தம் என்று இருந்தது லயம்தான்.

சரி, தனியாக இருப்பவர்கள் ஏன் உதவி கேட்பதில்லை? சில மாதங்களாகத் தோட்டங்களுக்குப் போகும்போது இதைக் கேட்டுப் பார்த்தோம். "யாருக்கும் பாரமா இருக்கக்கூடாது" என்பது எல்லாரும் சொல்லும் பதில். கொஞ்ச நேரம் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தால் அடுத்த பதில் வரும். "முடியாம இருக்கேன்னு தெரிஞ்சா காம்பராவ எடுத்துருவாங்கய்யா."

தோழர்களே, இதுதான் விஷயத்தின் அடி. வேலை செய்பவருக்குத்தான் வீடு என்ற எண்ணத்தில் இந்த லயங்கள் கட்டப்பட்டன. வீட்டில் செக்ரோல் ஆள் ஒருவர்கூட இல்லை என்றால் காம்பரா போய்விடும் என்ற பயம் நம்முடைய பெரியவர்களுக்கு இரத்தத்தில் இருக்கிறது. அதனால் விழுந்தால் சொல்வதில்லை. தலை சுற்றினால் சொல்வதில்லை. மகன் வந்து கூப்பிட்டால், ஒரு மாதம் போய் இருந்துவிட்டு ஓடி வந்துவிடுகிறார்கள். வீட்டைப் பூட்டி வைத்தால் யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று. நாற்பது வருடம் உழைத்தவருக்குப் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் உரிமை இல்லாததனால் நோயை மறைக்கிறார். மறைத்த நோய் தனியாகக் கிடக்கும்போது வெளியே வருகிறது.

ஆகவே இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள், போய்ப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். ஓய்வுபெற்றவர் தனியாக இருக்கிறார் என்பதற்காகவோ, நோயாளி என்பதற்காகவோ காம்பராவை விடச் சொல்லி யாராவது வாயால் சொன்னாலும் கடிதம் கொடுத்தாலும், அதற்குக் கையெழுத்து வைக்க வேண்டாம். கடிதத்தை அன்றைக்கே சங்கக் காரியாலயத்துக்குக் கொண்டுவாருங்கள். அதைப் பார்ப்பது எங்கள் வேலை. காணியும் வீடும் சொந்தமாக வேண்டும் என்று நாம் போராடுவது இளம் குடும்பங்களுக்காக மட்டும் என்று யாரும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்தது, நேரம். மரணம் யாருக்கும் வரும், அதை நிறுத்த எந்தச் சங்கத்தாலும் முடியாது. ஆனால் அந்த அம்மாவின் விஷயத்தில் விழுந்ததற்கும் உயிர் போனதற்கும் இடையில் நேரம் இருந்தது. வயதானவர் விழுந்து எழும்ப முடியாமல் சீமெந்துத் தரையில் மணிக்கணக்கில் கிடந்தால், விழுந்த அடியைவிடக் கிடந்தது பெரிய கேடு. குளிர் ஏறும். தண்ணீர் இல்லாமல் சிறுநீரகம் பழுதாகும். சதை நசுங்கும், சளி கட்டும். நுவரெலியாப் பக்கத்துத் தை மாதக் குளிரில் ஒரு இரவு போதும். பாரிசவாதம் வந்து வாய் கோணினால், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுப்பதற்கு முதல் நாலரை மணித்தியாலம்தான் இருக்கிறது, அந்த மருந்து பெரிய ஆஸ்பத்திரியில்தான் இருக்கும். பாதை நம்முடைய பாதை. அப்படியானால் காலையில் ஒரு தடவை எட்டிப் பார்ப்பதும் இரண்டு நாள் கழித்து எட்டிப் பார்ப்பதும் ஒன்றா?

1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். சில தோட்டங்களில் லயம் வரை வராது, மெயின் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டுதான் வரவேண்டும். அந்தத் தூக்கும் ஆட்கள் யார் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.

இப்போது வேலைக்கு வருவோம். சங்க நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறது. ஓய்வுபெற்றவர்கள் சந்தா இல்லாமலேயே கிளைப் பட்டியலில் இருப்பார்கள். ஒவ்வொரு கிளையும் ஒரு கொப்பி வைக்க வேண்டும். நாங்கள் அதற்கு இரண்டாவது செக்ரோல் என்று பேர் வைத்திருக்கிறோம். அதில் தனியாக இருப்பவர்கள், வயதான இருவர் மட்டும் இருப்பவர்கள், பகலில் தனியாகப் படுக்கையில் இருப்பவர்கள் மூன்று வகையினரின் பேரும் வரவேண்டும். இரண்டாவது வகையை விட்டுவிடாதீர்கள். ஒருவர் படுக்கையில், ஒருவர் பார்த்துக்கொள்கிறார் என்றால், பார்ப்பவர் விழுந்தால் இருவர் கதையும் முடிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பட்டியல் போடச் சொன்னால் நல்ல பாட்டிமார் பேர்தான் முதலில் வரும். எல்லாருக்கும் பிடித்தவர்கள், பிள்ளைகளுக்குக் கதை சொல்கிறவர்கள். அவர்களை எப்படியும் நாலு பேர் பார்த்துக்கொள்வார்கள். குடித்துவிட்டுச் சத்தம் போடும் கிழவர், பெண்சாதி இறந்த பிறகு யாரோடும் பேசாதவர், தண்ணீர்ப் பீலிச் சண்டையில் லயம் முழுவதையும் பகைத்துக்கொண்டவர், பிள்ளை இல்லாதவர், இவர்களுடைய வாசலில் யாரும் நிற்பதில்லை. அவர்கள் பேரைத்தான் முதலில் எழுதுங்கள்.

எப்படிப் பார்ப்பது என்பதை அந்தந்தப் பெரியவரிடமே கேளுங்கள். ஒரு தலைவி சொன்னார், "போய் எட்டிப் பார்த்தா, நான் செத்துட்டேனான்னு பாக்க வந்தியான்னு கேக்குறாங்க" என்று. நியாயமான கோபம். உயிரோடு இருப்பவரை வேவு பார்ப்பதுபோல் இருக்கக்கூடாது. சிலருக்கு வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்டால் சந்தோஷம். சிலருக்கு அது பிடிக்காது, அவர்களோடு ஒரு அடையாளம் பேசிக்கொள்ளலாம். காலையில் எழும்பியதும் இஸ்தோப்பில் ஒரு வாளியை வெளியே வைப்பது, இரவில் உள்ளே எடுப்பது. ஏழு மணிக்கு வாளி வெளியே இல்லையென்றால் கதவைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். முன்பெல்லாம் கூரையில் புகை வந்தால் ஆள் எழும்பிவிட்டார் என்று அர்த்தம். இப்போது பல வீட்டில் காஸ் அடுப்பு, மின்சாரச் சட்டி. புகை சொன்ன செய்தியை வாளி சொல்லட்டும்.

வேலைக்குப் போகிறவர்கள் மலைக்குப் போகும் வழியில் பார்க்கலாம். பகலில் பிள்ளைக் காம்பராவில் இருப்பவர்களும் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கிளினிக் நாள் ஒரு நல்ல கணக்கு. பிரஷர், சீனி வியாதிக்கு மாதாமாதம் மருந்து எடுப்பவர் அந்தத் திகதியில் போகவில்லை என்றால் ஏதோ இருக்கிறது. கிளினிக் திகதியைக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். உள்ளே கொண்டி போட்டுப் படுப்பவர்களிடம், வெளியிலிருந்து திறக்கக்கூடிய பூட்டுக்கு மாறச் சொல்லுங்கள், ஒரு சாவி நம்பிக்கையான ஒரு வீட்டில் இருக்கட்டும். பாண் ஓட்டோக்காரருக்கும் மீன்காரருக்கும் தலைவரின் போன் இலக்கத்தைக் கொடுத்து வையுங்கள். யார் எத்தனை நாளாக வாங்கவில்லை என்று நம்மைவிட அவர்களுக்குத் தெரியும்.

பிள்ளைகளைப் பற்றி. பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை, சங்கத்துக்கு ஏன் இந்த வேலை என்று ஒரு தோழர் கேட்டார். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகள் பெற்றோரை வேண்டுமென்று கைவிடக் கூடாது என்றுதான் சொல்கிறது. கவனிக்காத பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கேட்க அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு பராமரிப்புச் சபையும் உண்டு. தேவைப்பட்டால் அங்கே போவோம். ஆனால் கொழும்புக் கடையில் லீவு கேட்டால் வேலை போகும் என்று இருக்கும் பையனிடம் சட்டத்தைக் காட்டி என்ன பயன்? அவனால் செய்யக்கூடியதைக் கேட்போம். தினமும் ஒரே நேரத்தில் அம்மாவுக்கு ஒரு கோல் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் இரவு வரைக்கும் காத்திருக்காமல் பக்கத்து வீட்டுக்கோ தலைவிக்கோ எடுக்க வேண்டும். அதற்கு அந்த இலக்கங்கள் அவனிடம் இருக்க வேண்டும். அம்மாவுக்குப் போன் வாங்கிக் கொடுத்துவிட்டு, ஊரில் வேறு ஒருவருடைய இலக்கமும் இல்லாமல் இருக்கும் பிள்ளைகள் ஏராளம். தீபாவளிக்கு வரும்போது ஒவ்வொரு பிள்ளையையும் பிடித்து இலக்கம் வாங்குங்கள், கொடுங்கள். போகும் நாளையும் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். அம்மாவைக் கூட்டிப் போனால் போனது என்று லயத்துக்குத் தெரியட்டும்.

கடிதம் காகிதங்கள் விஷயத்தில் சுருக்கமாகச் சொல்கிறோம், தனித்தனியாகக் காரியாலயத்தில் விளக்கம் கேட்கலாம். சேவைக்காலப் பணம், அதாவது பணிக்கொடை, 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி வருடத்துக்கு 14 நாள் சம்பளம். வேலை நின்று 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மேலதிகப் பணமும் சேர்த்துக் கட்ட வேண்டும். தொழிலாளி இறந்தாலும் அந்தப் பணம் இறப்பதில்லை, வாரிசுகளுக்கு உரியது. ஈ.பி.எப்., ஈ.டி.எப். பணத்துக்குப் பின்னுரித்தாளி யார் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். எழுதாவிட்டால் பிள்ளைகள் நீதிமன்றம், கிராம உத்தியோகத்தர் என்று அலைய வேண்டும். அடையாள அட்டையில் ஒரு பேர், செக்ரோலில் ஒரு பேர், பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் ஒரு பேர் என்று இருப்பவர்கள் உயிரோடு இருக்கும்போதே சரிசெய்ய வேண்டும். ராமாயி, ராமாய், இராமாயம்மா மூவரும் ஒருவர்தான் என்று இறந்த பிறகு யார் சத்தியம் செய்வது? 60 வயதானவர்களுக்குப் பிரதேச செயலகத்தில் முதியோர் அடையாள அட்டை எடுக்கலாம். குறைந்த வருமானமுள்ள 70 வயது கடந்தவர்களுக்கு முதியோர் கொடுப்பனவு இருக்கிறது. அது கிடைக்காதவர்களின் பேரையும் கொப்பியில் தனியாகக் குறியுங்கள். கிராம சேவகர் பிரிவில் முதியோர் சங்கம் இருக்கும். பல இடங்களில் கிராமத்து மக்கள் மட்டும் அதில் இருக்கிறார்கள், தோட்டத்துப் பெரியவர்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.

எவ்வளவு பார்த்தாலும் ஒருநாள் ஒரு கதவைத் திறக்க வேண்டி வரலாம். அதற்கும் தயாராக இருங்கள். முதலில் மூச்சு இருக்கிறதா என்று பாருங்கள். பயத்தில் செத்துவிட்டார் என்று கூவ வேண்டாம், உடம்பு குளிர்ந்திருந்தாலும் உயிர் இருக்கலாம். 1990க்கு எடுங்கள். உயிர் இல்லையென்று உறுதியானால் உடலை எடுக்கவோ குளிப்பாட்டவோ வேண்டாம். நம்முடைய பெண்கள் மனம் கேளாமல் உடனே துடைத்துச் சேலை மாற்றப் போவார்கள். பொலிசுக்கும் கிராம சேவகருக்கும் அறிவித்து, திடீர் மரண விசாரணை அதிகாரி பார்த்த பிறகுதான் அதெல்லாம். விசாரணை இல்லாமல் மரணப் பத்திரத்தில் சிக்கல் வரும், பத்திரத்தில் சிக்கல் வந்தால் பணத்திலும் சிக்கல் வரும். பெட்டியை வீட்டார் திறக்கும்போது தலைவரும் இன்னும் இரண்டு பேரும் சாட்சிக்கு இருப்பது நல்லது. அந்த அம்மாவின் 18,000 ரூபாயும் அப்படித்தான் முழுமையாக மகன் கைக்குப் போனது.

நிர்வாகத்திடம் சங்கம் வைக்கப்போகும் கோரிக்கைகளில் மூன்றை இங்கே சொல்கிறோம். தோட்ட வைத்திய உதவியாளர் தனியாக இருக்கும் வயதானவர்களை மாதத்தில் ஒரு தடவையாவது வீட்டிலேயே போய்ப் பார்க்க வேண்டும். லயத்திலிருந்து கக்கூசுக்குப் போகும் படிக்கு வெளிச்சமும் பிடித்து நடக்கக் கம்பியும் போட வேண்டும், இரவில் விழுபவர்கள் அதிகம் விழுவது அங்கேதான். பூட்டிக் கிடக்கும் காம்பராக்களுக்கு நடுவில் தனியாக இருக்கும் பெரியவர் விரும்பினால், ஆள் இருக்கும் பக்கத்துக்கு மாறி இருக்க விட வேண்டும், அதனால் அவருடைய உரிமை ஒன்றும் குறையக்கூடாது. இந்த மூன்றும் பெரிய செலவுள்ள காரியங்கள் அல்ல. செலவில்லை என்பதற்காக உடனே கொடுத்துவிடுவார்கள் என்றும் எதிர்பார்க்க வேண்டாம், அதற்கு நம்மிடம் பேர்ப் பட்டியல் கையில் இருக்க வேண்டும். எத்தனை பேர் என்று துரை கேட்டால், நிறையப் பேர் என்று சொல்லி நிற்க முடியாது.

ஆகவே கொப்பி வேலை இன்றைக்கே தொடங்குகிறது. மேசையில் ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கொப்பி இருக்கிறது. பேர், வயது, லயம், காம்பரா, கிளினிக் திகதி, பிள்ளையின் இலக்கம், சாவி யாரிடம், காலையில் பார்ப்பவர் யார், அவர் இல்லாத நாளில் யார், இவ்வளவும் எழுத இடம் கோடு போட்டிருக்கிறது. எழுதுவது சிரமமாக இருப்பவர்களுக்கு வாலிபர் அணித் தோழர்கள் உதவி செய்வார்கள். தெரிந்தவர்களை இப்போதே எழுதுங்கள். தெரியாததை வீட்டுக்கு வீடு போய்க் கேட்டு, அடுத்த மாதச் சந்தாப் பட்டியலோடு ஒரு பிரதியைக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். தேத்தண்ணி வந்துவிட்டது. குடித்துக்கொண்டே தோட்டம் தோட்டமாக உட்காரலாம், சம்பள விஷயம் இரண்டு மணிக்கு.